இன்டர்நெட் கொள்முதலில் கார்டு மோசடி: வணிகர்கள் அறிய வேண்டியவை

மண்டிக்குச் சரக்கு எடுக்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? மிளகாய் மூட்டையின் அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறோம். துவரம்பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். புது வியாபாரி என்றால் பக்கத்துக் கடையில் "ஆள் எப்படி?" என்று விசாரித்த பிறகுதான் மடியிலிருந்து பணத்தை எடுக்கிறோம். இதையெல்லாம் நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. கல்லாவில் உட்கார்ந்த முதல் வருடத்திலேயே தானாக வந்துவிட்ட பழக்கம் இது.

அதே நாம், இரவு கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கைபேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவனுக்கு ஐந்தே நிமிடத்தில் முப்பதாயிரம் ரூபாயைக் கார்டு மூலம் செலுத்திவிடுகிறோம். மூட்டையில் கைவிட்டுப் பார்க்கும் புத்தி அந்த ஐந்து நிமிடமும் எங்கே போகிறது? இதைப் பற்றித்தான் இந்தப் பாடத்தில் நாம் பேசப் போகிறோம்.

இன்டர்நெட்டில் சரக்கு வாங்குவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. தராசு, பில் மெஷின், பேக்கிங் கவர், உலர்பழ வகைகள் என்று பலவற்றை நம் உறுப்பினர்கள் நல்ல விலைக்கு அப்படி வாங்கி வருகிறார்கள். மண்டியில் காட்டும் எச்சரிக்கையை இங்கேயும் காட்ட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மோசடி இரண்டு வகை

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். கார்டு விஷயத்தில் நம் பணம் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, திருட்டு. நம் கார்டின் எண்ணும் பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்க சி.வி.வி. எண்ணும் வேறொருவன் கைக்குப் போய்விடுகின்றன. நமக்குத் தெரியாமலே எங்கோ எதையோ வாங்கிவிடுகிறான்.

மற்றொன்று, ஏமாற்று. நாமே விரும்பி, நம் கையாலேயே ஓ.டி.பி. எண்ணைத் தட்டிப் பணம் செலுத்துகிறோம். சரக்கு வருவதில்லை, வந்தாலும் குப்பையாக வருகிறது.

வங்கியில் போய் நிற்கும்போது இந்த இரண்டும் ஒன்றல்ல. திருட்டுக்கு ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு விதி இருக்கிறது. ஏமாற்றுக்கு அந்த விதி பொருந்தாது. "நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள்?" என்று வங்கி கேட்கும். அதற்கு வேறு வழியில்தான் போராட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் புகார் எழுதி, மாதக்கணக்கில் அலைவது வீண்.

இரை எது?

மீன் பிடிப்பவன் மீனுக்குப் பிடித்ததைத்தான் தூண்டிலில் மாட்டுவான். சிறு வியாபாரிக்கு மாட்டப்படும் இரை, லாபம் அதிகமுள்ள சரக்கு. அதிலும், உள்ளூர் மொத்தக் கடையில் கிடைக்காத சரக்கு என்றால் இன்னும் நல்லது.

இதற்கு ஒரு சரியான உதாரணம் 'வேப்' என்றும் இ-சிகரெட் என்றும் சொல்லப்படும் மின்சிகரெட். கல்லூரிப் பக்கம் கடை வைத்திருப்பவரிடம் பையன்கள் வந்து கேட்கிறார்கள். கைபேசியிலோ மொத்த விலை விளம்பரம் வருகிறது. ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் லாபம் என்று கணக்கும் போட்டுக் காட்டுகிறார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் மின்சிகரெட் 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி அவசரச் சட்டத்தின் மூலம் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. முழுப் பொருளாக விற்றாலும் அதன் ஒரு பாகத்தை மட்டும் விற்றாலும் ஒன்றுதான். நிகோடின் இல்லாதது என்று சொன்னாலும் தப்ப முடியாது. விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி அகப்பட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கை வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இப்போது மோசடிக்காரன் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். தடை செய்யப்பட்ட சரக்குக்குப் பணம் கட்டி ஏமாந்தவன் வெளியே சொல்வானா? சொல்ல மாட்டான். போலீசுக்குப் போக மாட்டான், வங்கிக்குப் போகத் தயங்குவான், சங்கத்திலும் மூச்சு விட மாட்டான். மோசடிக்காரனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பான்?

ஒரு கடைக்காரரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அவர் இப்படி ஒரு விளம்பரத்தை நம்பி 18,000 ரூபாய்க்கு ஆர்டர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வரவில்லை. "போனது போகட்டும், புத்தி கொள்முதல்" என்று வாயை மூடிக்கொள்கிறார். ஆனால் அவருடைய கார்டு விவரம் முழுவதும் அந்த வலைத்தளத்தில் பதிவாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வெளிநாட்டு வலைத்தளம் ஒன்றில் 22,000 ரூபாய், மறுநாள் 27,000 ரூபாய் என்று கார்டில் செலவு விழுகிறது. முதல் நஷ்டம் 18,000. வெட்கப்பட்டுச் சும்மா இருந்ததால் வந்த நஷ்டம் 49,000. முதல் நாளே கார்டை நிறுத்தியிருந்தால் இரண்டாவது நஷ்டம் வந்தே இருக்காது.

நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். கார்டை நிறுத்துவதற்கு, எதை வாங்கப் போனீர்கள் என்று வங்கியிடம் கதை சொல்ல வேண்டியதில்லை. "என் கார்டு விவரம் தவறான இடத்துக்குப் போய்விட்டது, நிறுத்துங்கள்" என்றால் போதும். தவறான சரக்குக்கு ஆசைப்பட்டவரும் அன்றிரவே இதைச் செய்துவிட வேண்டும். போலீஸ் புகார் என்று வரும்போது ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளலாம். எந்தப் புகாரிலும் பொய் சேர்க்க வேண்டாம்.

இரை மின்சிகரெட்டாகத்தான் இருக்கும் என்பதில்லை. மண்டி விலைக்குக் கீழே முந்திரி, பாதி விலையில் வெளிநாட்டுச் சாக்லேட், பில் இல்லாத லைட்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். மண்டி விலை நமக்குத் தெரியும். அதற்கும் கீழே ஒருவன் கொடுக்கிறான் என்றால், அவனுக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்று கேட்டுப் பழக வேண்டும்.

விற்பவன் யார் என்று பார்ப்பது எப்படி?

வலைத்தள முகவரிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுச் சின்னம் இருந்தால் நாணயமான கடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாம் அனுப்பும் விவரத்தை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அதன் பொருள். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவன் திருடனா, யோக்கியனா என்பதைப் பூட்டு சொல்லாது.

நமக்குப் பழக்கமான சோதனை ஒன்று உண்டு. அது ஜி.எஸ்.டி. எண். 15 இடங்கள் கொண்ட இந்த எண்ணை நாம் தினமும் பில்லில் பார்க்கிறோம், படிப்பதில்லை. இனிமேல் இப்படிப் படியுங்கள்.

முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29, மகாராஷ்டிரத்துக்கு 27, குஜராத்துக்கு 24, டெல்லிக்கு 07. மும்பை முகவரி போட்டுவிட்டு எண் 07 என்று தொடங்கினால் காரணம் கேளுங்கள்.

அடுத்த பத்து இடங்கள் அவருடைய பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜி.எஸ்.டி. எண்ணின் ஆறாவது இடம், ஆளின் வகையைச் சொல்லும். தனிநபர் என்றால் ஆங்கில எழுத்து 'பி', கூட்டு வணிகம் என்றால் 'எஃப்', கம்பெனி என்றால் 'சி'. பில்லில் 'பிரைவேட் லிமிடெட்' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். ஆறாவது இடத்தில் 'பி' இருக்கும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அந்த எண்ணை ஜி.எஸ்.டி. அரசு வலைத்தளத்தின் தேடல் பகுதியில் போட்டுப் பாருங்கள். கட்டணம் கிடையாது. வணிகப் பெயர், பதிவு செய்த தேதி, பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா, கணக்கு தாக்கல் செய்திருக்கிறாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். "இருபது வருடமாகத் தொழிலில் இருக்கிறோம்" என்பவரின் பதிவு போன மாதத்துத் தேதியாக இருந்தால் நமக்கே புரியும்.

இன்னொரு கடைக்காரரின் எண்ணைத் திருடிப் போட்டிருக்கவும் கூடும். அதனால் வலைத்தளத்தில் உள்ள கைபேசி எண்ணை மட்டும் நம்பாமல், அந்த ஊரில் நமக்குத் தெரிந்த வியாபாரி மூலமோ வணிகர் சங்கம் மூலமோ ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். முதல் ஆர்டரைச் சிறியதாகக் கொடுங்கள். சாம்பிள் பார்க்காமல் நாம் மூட்டை எடுப்பதில்லை. அதே நியாயம்தான் இங்கும்.

கார்டுக்குக் கட்டுப்பாடு

கல்லாப்பெட்டியை இரவு முழுவதும் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவோமா? கார்டை மட்டும் ஏன் அப்படி வைத்திருக்கிறோம்?

ஒவ்வொரு கார்டையும் வாடிக்கையாளரே திறக்கவும் மூடவும், செலவுக்கு உச்சவரம்பு வைக்கவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் உத்தரவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வங்கியின் செயலியில் 'இன்டர்நெட் உபயோகம்', 'வெளிநாட்டு உபயோகம்' என்று தனித்தனியாக இருக்கும். வெளிநாட்டு உபயோகம் நம்மில் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை, இன்றே மூடிவிடுங்கள். இன்டர்நெட் உபயோகத்தை வாங்கும் நேரத்தில் மட்டும் திறந்து, வாங்கியதும் மூடலாம்.

வெளிநாட்டு உபயோகத்தை நாம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இன்டர்நெட் கார்டு செலவுக்கு இரண்டாவது ரகசிய எண் கட்டாயம் என்ற விதி 2009 ஆகஸ்ட் 1 முதல் இருக்கிறது. வெளிநாட்டு வலைத்தளங்கள் அந்த விதிக்குள் வரவில்லை. அதனால்தான் திருடப்பட்ட கார்டு விவரங்கள் ஓ.டி.பி. கேட்காத வெளிநாட்டுத் தளங்களை நோக்கியே ஓடின.

கொள்முதலுக்கென்று உச்சவரம்பு குறைவான கார்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கடையின் முழு வரவு செலவும் ஓடும் நடப்புக் கணக்கின் டெபிட் கார்டை முன்பின் தெரியாத இடத்தில் நீட்டாதீர்கள். டெபிட் கார்டில் போவது நம் கையிருப்பு. அடுத்த நாள் சரக்கு வண்டிக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. கிரெடிட் கார்டில் பில் பிறகுதான் வரும். அதற்குள் ஆட்சேபம் எழுப்ப அவகாசம் கிடைக்கும்.

கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும் விற்பனையாளர் யாராக இருந்தாலும் வியாபாரத்தை முறித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் எந்தக் கடையும் வலைத்தளமும் வாடிக்கையாளரின் உண்மையான கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது விதி. அதற்குப் பதிலாக 'டோக்கன்' என்னும் மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம். போட்டோ கேட்பவனுக்கு விதி தெரியாது, அல்லது விதி தேவையில்லை.

ஓ.டி.பி. செய்தியை முழுதும் படியுங்கள்

ஓ.டி.பி. வந்ததும் நம் கண் ஆறு இலக்கத்தை மட்டும் தேடுகிறது. அதே செய்தியில் பெரும்பாலான வங்கிகள் தொகையையும் பெறுபவரின் பெயரையும் போடுகின்றன. சோதனைக்காக ஒரு ரூபாய் என்று சொல்லியிருப்பான். செய்தியில் 38,000 என்று இருக்கும். முந்திரி வியாபாரி என்று சொல்லியிருப்பான். பெறுபவர் பெயர் ஏதோ விளையாட்டுக் கம்பெனியாக இருக்கும். படித்திருந்தால் பணம் பிழைத்திருக்கும். கடைப்பையன் கையில் கைபேசி இருந்தாலும் ஓ.டி.பி.யை முதலாளி படித்த பிறகே தட்ட வேண்டும் என்று கடையில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம்.

"கார்டு வேலை செய்யவில்லை, இந்தக் கணக்குக்கு நேராக அனுப்பிவிடுங்கள், ஐந்து சதவீதம் தள்ளுபடி" என்று கடைசி நேரத்தில் சொல்வது ஒரு பழகிய தந்திரம். கார்டில் கொடுத்தால் நமக்குத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அந்த ஐந்து சதவீதம், நம்மிடமிருந்து அந்த வழியை அடைக்க அவன் கொடுக்கும் விலை.

வங்கியிலிருந்து பேசுவதாக வரும் அழைப்பும் அப்படியே. வங்கி ஓ.டி.பி. கேட்காது. வங்கியின் பெயரில் வரும் வலைத்தள முகவரியையும் பாருங்கள். இந்திய வங்கிகள் தங்கள் முகவரியை '.பேங்க்.இன்' என்று முடியும் வகைக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்திருந்தது. வேறு விதமாக முடியும் முகவரியில் கார்டு விவரத்தைக் கொடுக்கும் முன் கிளையில் கேட்டுவிடுங்கள்.

நடந்துவிட்டால்?

திருட்டு என்றால் நேரம்தான் பணம். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இப்படி வகுத்தது. தவறு வங்கியினுடையது என்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. தவறு நம்மிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, இடையில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் செய்தி வந்த நாளிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் நம் பங்குக்கு ஒரு வரம்பு. சிறு தொழில் நடப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் அது 10,000 ரூபாய். ஏழு நாட்களைத் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படிதான். ஓ.டி.பி.யை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் நம் தலையில். புகார் கொடுத்த பிறகு போனது வங்கியின் பொறுப்பு.

விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே உங்கள் வங்கியின் இன்றைய கொள்கையைக் கிளையில் கேட்டு வாங்கிக் கடை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்று என்றால், அதாவது நாமே பணம் கட்டிச் சரக்கு வரவில்லை என்றால், வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கோர வேண்டும். கார்டு நிறுவனங்களின் விதிப்படி, விற்றவரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை இது. இதற்குக் காலக்கெடு உண்டு. "இன்று வரும், நாளை வரும்" என்ற அவன் வாயுறுதியை நம்பிக் கெடுவைத் தவறவிடாதீர்கள். ஆர்டர், பில், சரக்கு வர வேண்டிய தேதி, அவனுக்கு நாம் எழுதிய செய்திகள் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். பில் இல்லாத சரக்கை வாங்கியவர் இங்கே கையில் எதை வைத்துக்கொண்டு நிற்பார்?

இரண்டு வகைக்கும் பொதுவானது 1930 என்ற தொலைபேசி எண். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். வலைத்தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடுவதற்கு முன் முடக்குவதே இதன் நோக்கம். அதனால் முதல் மணி நேரத்தில் அழைப்பவருக்கே பலன் அதிகம். வங்கியிடம் எழுதிக் கொடுத்து 30 நாட்களாகியும் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

உறுப்பினர் கேட்கக்கூடிய கேள்விகள்

*நள்ளிரவில் செய்தி வந்தால் காலையில் வங்கி திறந்ததும் சொன்னால் போதாதா?* போதாது. கார்டை நிறுத்தும் வசதி இரவு பகல் எந்நேரமும் உண்டு. செயலியிலேயே நிறுத்திவிட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு தூங்குங்கள்.

*தொகை சிறியது, விட்டுவிடலாமா?* திருடன் முதலில் பத்து, இருபது ரூபாய் எடுத்துப் பார்ப்பது உண்டு. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வேலை அது. சிறிய தொகையைப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

*பணத்தைத் திருப்பி அனுப்ப ஒரு கியூ.ஆர். குறியீடு அனுப்பியிருக்கிறான். ஸ்கேன் செய்யலாமா?* கூடாது. பணம் வாங்குவதற்கு நாம் ரகசிய எண் எதையும் தட்ட வேண்டியதில்லை. தட்டச் சொன்னால் பணம் போகப் போகிறது என்று பொருள்.

கல்லா அருகே ஒட்டி வைக்க

1. தடை செய்யப்பட்ட சரக்கும் பில் இல்லாத சரக்கும் நமக்கு வேண்டாம்.
2. ஜி.எஸ்.டி. எண்ணைப் படித்து, அரசு வலைத்தளத்தில் பார்த்த பிறகே ஆர்டர். முதல் ஆர்டர் சிறியது.
3. கொள்முதலுக்குத் தனிக் கார்டு. வெளிநாட்டு உபயோகம் மூடியே இருக்கட்டும்.
4. ஓ.டி.பி. செய்தியில் தொகை, பெயர் இரண்டையும் படித்த பிறகே எண்ணைத் தட்டுதல்.
5. சந்தேகம் வந்தால் முதலில் கார்டை நிறுத்துதல், அடுத்து 1930, அடுத்து வங்கிக்கு எழுத்து மூலம் புகார், ஒப்புகை வாங்குதல்.

வணிகர்களாகிய நாம் எடையில் ஏமாந்திருக்கிறோம், கடனில் ஏமாந்திருக்கிறோம், கள்ள நோட்டில் ஏமாந்திருக்கிறோம். அதையெல்லாம் சக வியாபாரியிடம் சொன்னதால்தான் அடுத்தவர் தப்பினார். கார்டில் ஏமாந்தால் மட்டும் ஏன் வெட்கம்? உங்களுக்கு நேர்ந்ததைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றால் செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். விற்றவனின் வலைத்தளப் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போடுவோம். ஒரு கடைக்காரர் வாய் திறந்தால் ஒரு தெருவே தப்பிக்கும்.